அஞ்சலையக்காவின் மூக்கு

பெரம்பலூர் மாவட்டத்திலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே ஒரே ஒரு மூக்கை மூன்று வருஷம் வரைந்த ஆள் எங்கள் ஹாஸ்டல் ஈரம் டீச்சர் ஒருவர்தான். மூக்கு என்றதும் பிள்ளையார் தும்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண மனுஷ மூக்கு. இரண்டு துவாரம், ஒரு மூக்குத்தி. அவ்வளவுதான். அதை வரைவார், பார்ப்பார், அதன்மேல் பெயிண்ட்டைப் பூசி மறைப்பார், மறுநாள் மறுபடி வரைவார். மூன்று வருஷத்தில் ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசி, எல்.கே.ஜி.க்குப் போகமாட்டேன் என்று தரையில் புரண்டு அழவே ஆரம்பித்துவிடும். டீச்சரின் மூக்கு மட்டும் பிறந்தபாடில்லை.

நான் அப்போது பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் மாடியில் கடைசி அறை எனக்குக் கிடைத்தது. மூன்று கட்டில். ஒன்றில் நான், ஒன்றில் டீச்சர், மூன்றாவதில் படம். ஆமாம், படம்தான் படுத்திருக்கும். டீச்சருக்கு அரசுப் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் வகுப்பு. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய், குடை, தேசியக் கொடி. சாயங்காலம் அறைக்கு வந்துவிட்டால் கேன்வாஸ், ஆயில் பெயிண்ட், டர்பன்டைன். நடுவில் ஒரு நர்ஸ் பெண் மூன்றாவது கட்டிலுக்கு வந்தாள். இரண்டே நாளில் பெட்டியைக் கட்டிவிட்டாள். ‘எங்க ஆஸ்பத்திரியிலயே இவ்ளோ நெடி கிடையாதுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆயில் பெயிண்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சீக்கிரம் காயாது. இரண்டு நாள், மூன்று நாள், மழைக்காலமென்றால் ஒரு வாரம்கூட ஆகும். அதனால் டீச்சர் ‘ஈரம்’ என்று கொட்டை எழுத்தில் அட்டைகள் எழுதி வைத்திருந்தார். கதவில் ஒன்று, நாற்காலியில் ஒன்று, ஜன்னல் கட்டையில் ஒன்று. காய்ந்த பிறகு அட்டையை எடுக்க மறந்துவிடுவார். ஒருநாள் குளியலறை பக்கெட்டில் ‘ஈரம்’ தொங்கியது. பக்கெட்டு வேற எப்படிம்மா இருக்கும் என்று வார்டன் அம்மா கேட்டார். அன்றிலிருந்து அவர் ஈரம் டீச்சர் ஆகிவிட்டார்.

அட்டை இருந்து என்ன, படிக்கத் தெரிந்த எனக்கே பலனில்லை. ஒருநாள் அவசர அவசரமாகச் சந்தனக் கலர் சேலையில் ஆபீஸுக்கு ஓடினேன். முதுகில் நீலக் கலரில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை. டீச்சர் பாசமாகத் தட்டி ‘பாத்துப் போய்ட்டு வாங்க’ என்று வழியனுப்பிய கை. சூப்பிரண்டெண்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

‘ஏம்மா, எலெக்‌ஷன் நேரத்துல கவர்மென்ட் ஸ்டாஃப் சின்னத்தோட வரக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?’

எனக்காவது சேலையோடு போயிற்று. வார்டன் அம்மாவுக்கோ டீச்சர் பக்தியிலேயே கை வைத்துவிட்டார். கிருஷ்ண ஜெயந்தி அன்று வார்டன் அம்மா வாசலிலிருந்து பூஜை அலமாரிவரை மாக்கோலத்தில் குட்டிக் குட்டிப் பாதம் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் வெள்ளைப் பாதங்களுக்குப் பக்கத்திலேயே பச்சைப் பாதங்கள். நேரே அலமாரிக்குப் போயிருந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

‘வந்துட்டான் பாருங்க. என் கண்ணன் வந்துட்டான்.’

மாடிப்படியில் நின்ற டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. ‘அம்மா, அது ஆயில் பச்சை. காயறதுக்கு மூணு நாளாவும். மிதிச்சிடாதீங்க’ என்றார். கண்ணன் அதற்குள் வெண்ணெயை நக்கித் தீர்த்துவிட்டு டீச்சர் கட்டிலுக்கடியில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் பூனை அது.

ஒருநாள் எரிச்சலில் நான் கேட்டே விட்டேன். ‘ஏன் டீச்சர், உலகத்துல வேற பெயிண்ட்டே இல்லையா? வாட்டர் கலர்னா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்ல?’

‘வாட்டர் கலர்ல கோடு தப்பாப் போனா போனதுதான். பேப்பரக் கிழிச்சுத்தான் போடணும். ஆயில் அப்படி இல்லைங்க. தப்பாப் போச்சா, அது மேலயே இன்னொரு கோட்டிங். எத்தன தப்பு பண்ணுனாலும் தாங்கும். மன்னிக்கிற பெயிண்ட்டுங்க இது.’

மன்னிக்க ஆள் இருந்தால் தப்புக்குக் கொண்டாட்டம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். டீச்சர் படத்தை மட்டும்தான் ஆயிலில் வரைகிறார் என்று முதலில் நினைத்திருந்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, சாப்பாடு, பயணம், லீவ் லெட்டர் எல்லாமே அவருக்கு ஆயில்தான்.

ஹோட்டலில் உட்கார்ந்தால் இப்படி ஆரம்பிப்பார். ‘ஒரு ரோஸ்ட்டு. இல்ல, ஊத்தப்பம். வெங்காயம் வேண்டாம். சரி போடுங்க. அண்ணே, ரோஸ்ட்டே கொண்டாந்துடுங்க.’ சர்வர் பாதிவழி போவார், திரும்புவார், போவார். இரண்டு மாதத்தில் அவரும் தேறிவிட்டார். முதல் மூன்றையும் காதில் வாங்காமல் நான்காவதை மட்டும் கொண்டுவந்து வைப்பார்.

ஊருக்குப் போவது அதைவிட மோசம். திருச்சி பஸ்ஸில் ஏறி உட்காருவார். அரியலூர் போய் ட்ரெயின் பிடித்தால் என்ன என்று தோன்றும். இறங்கி அரியலூர் பஸ்ஸில் ஏறுவார். அதில் ஜன்னல் சீட் இருக்காது. இறங்கித் திரும்பி வருவதற்குள் திருச்சி பஸ் ஹைவேயைத் தொட்டிருக்கும். இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு பையோடு அறைக்கு வந்து, ‘அடுத்த வாரம் போயிக்கலாம், என்னங்க’ என்று என்னிடமே அபிப்பிராயம் கேட்பார்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு லீவ் லெட்டர் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். ‘பணிவுடன்’ என்பதை ‘மிகப் பணிவுடன்’ ஆக்கச் சொன்னார். மறுநாள் அந்த ‘மிக’ கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்று எடுக்கச் சொன்னார். பணிவு முடிந்து தேதிக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிட்டது. டீச்சர் கொஞ்சமும் கலங்கவில்லை. காரணத்தை மட்டும் மாற்றி அடித்துத் தரும்படி அதே லெட்டரை நீட்டினார். அழிக்கிற பட்டன் என் கம்ப்யூட்டரிலும்தான் இருக்கிறது. ஆனால் என் தலைக்குமேல் ஒரு சூப்பிரண்டெண்ட் உட்கார்ந்திருந்தார். டீச்சர் கேன்வாஸுக்குமேல் யாரும் இல்லை.

இனி மூக்குக்கு வருகிறேன். அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் எங்கள் ஹாஸ்டல் சமையல்காரர் அஞ்சலையக்கா. ஆலத்தியூர்ப் பக்கம். நல்ல உயரம், நல்ல கருப்பு, மாடிவரை கேட்கிற குரல். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலையில் சமைத்த பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்கு வருவார். ஆறுவரை கையில் கரண்டியோடு ஜன்னலோரம் நிற்பார். டீச்சர் வரைவார்.

முதல் வருஷம் படத்தில் கரண்டி இருந்தது. இரண்டாம் வருஷம் டீச்சருக்கு யோசனை மாறி, கரண்டி தாமரைப் பூவாயிற்று. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ‘தாமரப் பூவ வச்சுக்கிட்டு எப்படிங்க சாம்பார் கிண்டுறது’ என்று கேட்டார். மறுபடி கரண்டி வந்தது. ஒவ்வொரு கோட்டிங்குக்கும் முகம் ஒரு சுற்று வெளுத்தது, இடுப்பு ஒரு சுற்று சிறுத்தது, மூக்கு கூர்மையாகிக்கொண்டே போயிற்று. கூர்மை போதவில்லை என்று எடுப்பார், அதிகமாகிவிட்டது என்று எடுப்பார். கடைசியில் கேன்வாஸில் நின்றது ஏதோ நகைக்கடை விளம்பரத்துப் பெண். கரண்டி மட்டும்தான் அஞ்சலையக்காவுடையது.

சாப்பாட்டு வரிசையில் தினமும் யாராவது கேட்போம். ‘அக்கா, இன்னைக்கு மூக்கு இருக்கா?’

‘நேத்து இருந்துச்சு. காலையில எடுத்துட்டாங்க. நாளைக்கு வச்சுத் தரேன்னிருக்காங்க’ என்று சொல்லியபடியே சாம்பாரை ஊற்றுவார்.

இப்படி இருக்கையில் அஞ்சலையக்கா வீடு கட்டினார். தளம் போட்ட செங்கல் வீடு. அவர் வம்சத்தில் சொந்த மனையில் எழும்பிய முதல் வீடு அதுதான். அக்காவின் தம்பி மாரி கொத்தனார். கோயில் திருப்பணி வேலைகளுக்குப் போகிறவர். அவரே நின்று கட்டினார். வேலை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா கரண்டி இல்லாமல் மாடிக்கு வந்தார்.

‘டீச்சர், வாசப்படிக்குப் பக்கத்துல ஒரு சுவத்த சும்மா வுட்டிருக்கேன். நீங்க அதுல ஒரு படம் வரைஞ்சு தரணும்.’

‘அதுக்கென்னக்கா. கஜலட்சுமி வரையட்டுமா?’

‘லட்சுமி டைல்ஸ்லயே வருது டீச்சர். டவுன்ல எந்தக் கடையில கேட்டாலும் குடுப்பான். என் மூஞ்சி எந்தக் கடையில டைல்ஸ்ல வருது? என்னைய வரைங்க.’

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

‘எங்க சனத்துல ஒருத்தர் மூஞ்சி சுவத்துல ஏறுதுன்னா செத்த பொறவுதான் டீச்சர். மாலயும் பொட்டுமா ஏறும். நான் உசுரோட இருக்கறப்பவே ஏறணும். குடி போற அன்னைக்கு ஒறமொறை அத்தனையும் வரும். இது யாரு வூடுன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. பாத்தாலே தெரியணும்.’

டீச்சர் ‘குடி போறதுக்குள்ள முடிச்சுடறேங்க்கா’ என்றார். அன்று சாப்பாட்டு வரிசையில் இந்தச் செய்தி பரவி, நாற்பது தட்டும் ஒன்றாகக் குலுங்கிற்று. இதென்ன வேலை, அக்கா கேட்டால் அக்கா பேத்திக்குத்தான் படம் கிடைக்கும் என்றாள் ஒருத்தி. நானும்தான் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சுவர் பூச்சு முடிந்தபோது குடி போவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. டீச்சர் தினமும் பள்ளி விட்டதும் ஆயில் பெயிண்ட் டப்பாக்களோடு பஸ் ஏறினார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய், வெளிச்சம் இருக்கும்வரை வரைந்துவிட்டு வருவார். நான் கேட்பேன், மூக்கு? ‘வச்சேன். ஆனா நாளைக்கு எடுத்துட்டு...’ என்று இழுப்பார். சுவருக்கும் அதே வைத்தியம்தான்.

குடி போவதற்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். போய்ச் சேர்ந்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். படம் முழுவதும் கொப்புளம். சுவர் உள்ளுக்குள் இன்னும் காயவில்லை. மேலே ஆயில் பெயிண்ட் தோல் போட்டு மூடியிருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வர வழி தேடி, அப்பளம் மாதிரி உப்பவைத்துவிட்டது. உலகத்துக்கே ஈரம் என்று அட்டை மாட்டியவர், சுவரை ஒரு வார்த்தை கேட்க மறந்துவிட்டார்.

அஞ்சலையக்கா கிட்டே போய் மெதுவாக ஒரு கொப்புளத்தைத் தொட்டார். உரிந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

‘டீச்சர், என் கண்ணு கையோட வந்துடுச்சு.’

எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. டீச்சர் மணல் குவியலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ‘நான் எதையும் முடிச்சதே இல்லைங்க. அக்காவுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட ஏன் கேட்டாங்க’ என்று என்னிடம் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த கண்ணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

மாரிதான் பேசினார். மீதிப் பெயிண்ட்டை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டுவிட்டு, ‘டீச்சர், ஈரத்துல ஆயில் நிக்காது. ஆனா ஈரத்துலதான் நிக்கற ஒண்ணு இருக்கு’ என்றார். ‘கோயில் வேலைக்குன்னு ஊறப்போட்ட சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. நான் அத மணலோட கொழச்சுப் பூசுறேன். பச்சையா இருக்கறப்பவே நீங்க மண்ணுக் கலரத் தண்ணியில கரைச்சு வரைங்க. சுண்ணாம்பே கலரக் குடிச்சுக்கும். அப்பறம் மழைக்கும் போவாது, நகத்துக்கும் வராது.’

‘அழிக்கணும்னா?’

‘அழிக்க முடியாது.’

‘தப்பாப் போனா?’

‘தப்பா நிக்கும்.’

‘எவ்ளோ நேரம் இருக்கும்?’

‘காலையில பூசுனா மதியச் சாப்பாடு வரைக்கும். அதுக்கு மேல சுவரு உங்க பேச்சக் கேக்காது.’

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். சொந்தமாக முடிவெடுக்க வேண்டிய நேரத்திலெல்லாம் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். எனக்குக் கோபம் வந்தது. ‘என்னையப் பாக்காதீங்க டீச்சர். அந்தம்மா கையப் பாருங்க. சொந்தக் கண்ண முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நிக்கறாங்க’ என்றேன். டீச்சர் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ‘காலையில எத்தன மணிக்கு வரணும் மாரி?’ என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். காவி, செம்மண், மஞ்சள் மண், கரி எல்லாம் கொட்டாங்குச்சிகளில் கரைந்து தயாராக இருந்தன. மாரி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டு வந்தார். டீச்சர் பிரஷ்ஷை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

‘ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன் மாரி.’

‘யோசிங்க டீச்சர். சுவரு யோசிக்காது.’

முதல் கோடு தோள்பட்டை. கோணலாகப் போயிற்று. கை பழக்கத்தில் துணியை எடுத்துத் துடைத்தார். கோட்டோடு சுண்ணாம்பும் வந்தது. மாரி அந்த இடத்தை மறுபடி பூசி மட்டம் பண்ணினார். ‘இன்னொரு வாட்டி துடைச்சீங்கன்னா அக்காவுக்குப் பாதம் இருக்காது. சுண்ணாம்பு அளவாத்தான் இருக்கு’ என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கோடும் கோணல்தான். ஆனால் டீச்சர் துணியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கோணல் தோளுக்குத் தக்கபடி இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தார். இடுப்புக்குத் தக்கபடி ஒரு காலை முன்னால் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோற்று அண்டாவை இறக்கும்போது அஞ்சலையக்கா நிற்கிற நிலை அது. மூன்று வருஷமாகக் கேன்வாஸில் அவர் விறைத்துக்கொண்டு நேராக நின்றார். நிஜத்தில் அவர் நேராக நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இடுப்பில் எப்போதும் ஏதாவது கனம் இருக்கும்.

அதற்குப்பின் டீச்சர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு மூக்கு வந்தது. இரண்டே இழுப்பு. அகலமாக, மழுங்கலாக, அசல் அஞ்சலையக்கா மூக்கு. நான் செல்போனில் படம் பிடித்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டேன். ‘மூக்கு வந்துவிட்டது.’ பதினெட்டுப் பேர் கும்பிடு அனுப்பினார்கள். ‘எடுத்துடுவாங்க பாரு’ என்று வார்டன் அம்மா அனுப்பினார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் மஞ்சள் மண் தீர்ந்துவிட்டது. சேலைக்கே சரியாகிவிட்டது. முகத்துக்குக் காவியோடு மஞ்சள் சேர்த்தால்தான் நிறம் வரும். கடைக்குப் போய்வர நேரமில்லை. அப்போது ஒரு யோசனை சொன்ன மகராசி நான்தான்.

‘டீச்சர், குடி போறதுக்கு வாங்குன மஞ்சத்தூள் இருக்குல்ல? அக்கா மூஞ்சிக்கு மஞ்சப் பூசுறவங்கதான. பொருத்தமாவும் இருக்கும்.’

அக்காவே பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு டீ போடக் கொல்லைப்பக்கம் போனார். டீச்சர் கரைத்து முகம் முழுவதும் பூசினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற ஊர். ஆரத்தி கரைக்காத வீடே இல்லாத ஊர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டம் வாங்கிய டைப்பிஸ்ட், நிறங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிற டீச்சர், ஐம்பது கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த அஞ்சலையக்கா, மூன்று பொம்பளைகளில் ஒருத்திக்காவது அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவேண்டுமே. வரவில்லை. நாங்கள் பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது. கொஞ்ச நஞ்சச் சிவப்பு இல்லை. ஆரத்திச் சிவப்பு.

பின்பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்த மாரி வந்து பார்த்துவிட்டு, ‘அக்காவுக்கு ஆரத்தியே எடுத்துட்டீங்களே டீச்சர்’ என்றார். டீச்சர் அவர் கையிலிருந்த, சுவர் பூசுகிற கரணையைப் பிடுங்கினார். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட. அந்த வேகம் எனக்குப் பழகின வேகம். மாரி குறுக்கே கையை வைத்தார்.

‘சுரண்டுனா மூஞ்சி இல்லாமத்தான் நிக்கும். சுண்ணாம்பு தீந்துபோச்சு.’

அந்த நேரம் பார்த்து செட்டிகுளத்திலிருந்து அக்காவின் சின்னம்மா துணிப்பையோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று நெற்றியில் கை வைத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

‘ஏன்டி அஞ்சலை, திருஷ்டி பொம்மைய இம்மாம் பெருசா வச்சிருக்க? நல்லதுதான். ஊருக் கண்ணு பொல்லாதது.’

டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அஞ்சலையக்கா டீத் தட்டோடு வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார். இன்னும் கண்கூட வைக்காத அந்தச் சிவப்பு முகத்தை, சாய்ந்த இடுப்பை, கரண்டி பிடித்த கையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

‘அது பொம்மை இல்ல சின்னம்மா. அது நானு.’

‘ஏன்டி, நீ இந்தக் கலராடி?’

‘நாப்பது பேருக்குச் சோறு வடிச்சுட்டு நிமிந்தா என் மூஞ்சி இந்தக் கலருதான். கரி புடிச்ச சட்டி கெணக்கா இருக்கற மூஞ்சி அனல்ல செவந்து கிடக்கும். நான் கண்ணாடியில பாத்திருக்கேன். வேற யாரும் பாத்ததில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.’ பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். ‘கரணையக் கீழ வைங்க டீச்சர். கண்ண வைங்க. நேரமாவுது.’

டீச்சர் கண்ணை வைத்தார். கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இடது கண், வலது கண், முடிந்தது. ‘கீழ ஒரு சாண் இன்னும் பச்சையா இருக்கு. வூட்டுப் பேர எழுதிடுங்க’ என்றார் மாரி. டீச்சர் அதே வேகத்தில் எழுதினார். ‘அஞ்சலை வூடு.’

பிழை என்றால் என் கண்ணில் முதலில் படும், தொழில் அப்படி. ‘டீச்சர், வீடு’ என்றேன். டீச்சர் தன் எழுத்தைப் பார்த்தார். பிரஷ் ஒரு விரல்கடை மேலே போயிற்று. ‘அவங்க அப்படித்தான சொல்றாங்க’ என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷை வாளித் தண்ணீரில் போட்டார். ஒரு வேலையை முடித்துவிட்டு டீச்சர் பிரஷ்ஷைக் கழுவப் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதோடு டீச்சர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த வாரமே கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்து மூக்கை எடுத்துவிட்டார். வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிப் போகிறவரை ஹோட்டல்காரருக்கும் விடிவு வரவில்லை. ஆலத்தியூர்ச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு ஆற ஆற அந்தச் சிவப்பும் இறங்கி, இப்போது நல்ல மண் நிறத்துக்கு வந்திருக்கிறது. போன மாதம்கூட பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோருக்கும் இலை போட்டார்கள். டீச்சர் சோற்றில் கை வைத்தார், சுருக்கென்று எடுத்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. பாதி பிரஷ்ஷாலும் பாதி விரலாலும் வரைந்ததில் சுண்ணாம்பு கடித்துவிட்டிருக்கிறது. கை எரிகிறது என்று காலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷி. அக்கா சொம்புத் தண்ணீரில் அந்தக் கைகளைக் கழுவினார். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, டீச்சருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

‘பொங்கலுக்குப் பொங்கல் எங்கம்மா கை இப்படித்தான் இருக்கும் டீச்சர். ஊரு வூட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சுட்டு வந்து சோறு தின்ன முடியாம உக்காந்திருக்கும். எங்க வூட்டுச் சுவத்துக்குன்னு ஒருத்தர் கை வெந்தது இதான் மொத வாட்டி.’

சொல்லிவிட்டு அக்கா ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினார். டீச்சர் தலை குனிந்திருந்தார், கண்ணீர் இலையில் விழுந்தது. நான் அவர் இலையை என் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். மூன்று வருஷமாக அவரைத் திட்டித் தீர்த்த என் வாயில் அப்போது வந்தது ஒன்றுதான். ‘இன்னும் ஒரே ஒரு வாய் வாங்கிக்குங்க டீச்சர்.’